இயங்குதள அடிப்படைகள்: ஓடும் கணினியை வைத்தே கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

இயங்குதளம் படிக்க உட்காருகிற பலர் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஷெட்யூலிங் (எந்த நிரலுக்கு எப்போது சிபியு கிடைக்கும் என்ற) கணக்கைக் கொடுத்தால் கட்டம் போட்டுச் சராசரிக் காத்திருப்பு நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "சரி, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலிடமிருந்து சிபியுவை யார் பிடுங்குகிறார்கள், எந்த நொடியில்?" என்று கேட்டால் பதில் வராது. கணக்கு கைவந்திருக்கும், உள்ளே நடப்பது கண்ணில் பட்டிருக்காது.

இங்கே சொல்லும் வரிசை, புதியவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மாற்றி அமைத்தது. பாடப்புத்தக வரிசையிலிருந்து இது சில இடங்களில் விலகும். விலகுகிற இடத்தில் காரணத்தையும் சொல்கிறேன்.

ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனையையும் ஓட்டுவதற்கு முன், என்ன எண் வரும் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதாமல் ஓட்டினால் எது வந்தாலும் "ஆமாம், இப்படித்தானே வரும்" என்று மனசு ஒப்புக்கொண்டுவிடும். எழுதிய எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போகாத இடத்தில்தான் புதிதாக ஒன்று புரியும்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

வர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், நிறுவிய ஒரு லினக்ஸ் வேண்டும். அன்றாடம் புழங்கும் கணினியில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். நினைவகத்தை நிரப்புவோம், ப்ராசஸ்களை (ஓடும் நிரல்களை) பெருக்குவோம். ஒரு வரி தவறினால் கணினி உறைந்துபோகும். வர்ச்சுவல் மெஷின் என்றால் அணைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அந்த மெஷினுக்கு 2 சிபியு கோர், 2 ஜிபி நினைவகம் கொடுங்கள். ஒரே கோர் கொடுத்தால் 6ஆம் படியில் வரும் பிழை கண்ணில் படாமலே போகலாம். நினைவகத்தை 16 ஜிபி என்று அள்ளிக் கொடுத்தால் 4ஆம் படியில் நினைவகம் குறைவது அவ்வளவாகக் கண்ணில் படாது.

சி மொழியில் பாயின்டர், ஃபங்ஷன், லூப் தெரிந்தால் போதும். ஜிசிசி கம்பைலர், ஸ்ட்ரேஸ் (ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் கருவி), எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் கருவி) மூன்றையும் நிறுவிவிடுங்கள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. கம்பைல் செய்யும்போது நிரலை வேகமாக்கும் மேம்படுத்தல் விருப்பம் எதையும் சேர்க்காதீர்கள். ஏன் என்பது 6ஆம் படியில் வரும்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான சின்ன எழுத்து ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். இன்னொன்று: "செயலி" என்ற சொல்லைச் சிலர் ஆப்புக்கும் சிலர் சிபியுவுக்கும் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பாடத்தில் அந்தக் குழப்பம் தாங்காது. அதனால் நிரல், ப்ராசஸ், சிபியு என்று மூன்றையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

2. முதலில் எல்லைக்கோட்டைப் பாருங்கள்: சிஸ்டம் கால்

பல பாடங்கள் கணினி பூட் ஆவதில் தொடங்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபர்ம்வேர், பூட்லோடர், கெர்னல், அப்புறம் 1 என்ற எண்ணுள்ள முதல் ப்ராசஸ் என்ற சங்கிலியை ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். கெர்னல் யார் என்று தெரியாமல் அது எழுந்திருப்பதைப் பார்த்து என்ன பயன்?

தொடங்க வேண்டிய இடம் எல்லைக்கோடு. சிபியு இரண்டு நிலைகளில் ஓடுகிறது. ஒன்று எல்லா அதிகாரமும் உள்ள கெர்னல் நிலை. மற்றொன்று நம் நிரல்கள் ஓடும் பயனர் நிலை. பயனர் நிலையில் இருக்கிற நிரலால் வட்டைத் தொட முடியாது, திரையில் எழுத முடியாது, இன்னொரு ப்ராசஸின் நினைவகத்தைப் படிக்கவும் முடியாது. எது வேண்டுமானாலும் கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் சிஸ்டம் கால். தடுப்பது மென்பொருள் மரியாதை இல்லை, சிபியுவே தடுக்கிறது. விலக்கப்பட்ட கட்டளையை ஓட்டப் பார்த்தால் சிபியு அங்கேயே நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். "வணக்கம்" என்று ஒரு வரி அச்சிடும் நிரலை எழுதி, ஸ்ட்ரேஸ் வழியாக ஓட்டுங்கள். முதலில் நிறைய வரிகள் ஓடும். லைப்ரரியைத் தேடுவது, அதை நினைவகத்தில் ஏற்றுவது எல்லாம் அவை. அவற்றில் மூழ்கிவிடாதீர்கள். முடிவுக்குப் பக்கத்தில் ரைட் என்று ஒரு வரி இருக்கும், அதன் வலது ஓரத்தில் 22 என்று இருக்கும்.

ஏன் 22? கணக்குப் போட்டுப் பாருங்கள். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி: யூனிகோடில் இவை 7 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. வரி முடிவுக்கு ஒன்று. கெர்னலுக்குத் தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது. 22 பைட் வந்தது, 22 பைட்டையும் வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறது. கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே என்ன பொறுப்பு எந்தப் பக்கம் என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது.

அடுத்து, எல்லையைத் தாண்டுவதற்கு ஆகும் செலவு. டிடி கட்டளையால், சுழியங்களைத் தரும் ஜீரோ சாதனத்திலிருந்து எதையும் விழுங்கும் நல் சாதனத்துக்கு 10 லட்சம் பைட்டை நகலெடுங்கள். முதல் தடவை ஒரு நேரத்தில் 1 பைட்டாக 10 லட்சம் முறை. இரண்டாம் தடவை 10 லட்சம் பைட்டும் ஒரே முறையாக. இரண்டையும் டைம் கட்டளை சேர்த்து ஓட்டுங்கள். நகர்ந்த தரவு ஒன்றுதான். ஆனால் முதலாவதில் படிக்க 10 லட்சம், எழுத 10 லட்சம் என்று 20 லட்சம் தடவை எல்லையைத் தாண்டியிருக்கிறோம். டைம் காட்டும் மூன்று எண்களில் சிஸ் என்பது கெர்னலுக்குள் கழிந்த நேரம். அது எவ்வளவு வீங்குகிறது என்று குறித்துவையுங்கள். நிரல்மொழிகள் ஏன் பஃபர் (தரவைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் இடம்) வைத்துக்கொள்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இங்கே அடிக்கடி வரும் தவறு, கெர்னல் என்பது பின்னணியில் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும் பெரிய நிரல் என்று நினைப்பது. பெரும்பாலும் அது யாராவது கூப்பிட்டால் ஓடும். கூப்பிடுவது நம் நிரலாக இருக்கலாம், வன்பொருள் கொடுக்கும் இன்டரப்டாக (குறுக்கிடும் சமிக்ஞையாக) இருக்கலாம். 5ஆம் படிக்கு இது வேண்டும்.

3. ப்ராசஸ்: பிறப்பு, இறப்பு, நடுவில் ஒரு பஃபர்

நிரல் என்பது வட்டில் கிடக்கும் கோப்பு. ப்ராசஸ் என்பது அது ஓடும் ஒரு நிகழ்வு. அதற்கென்று ஓர் எண், தனி நினைவக வெளி, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் எல்லாம் இருக்கும். ஒரே நிரலை மூன்று முறை ஓட்டினால் மூன்று ப்ராசஸ்.

யூனிக்ஸ் வழியில் புதிய ப்ராசஸ் பிறப்பது இரண்டு படிகளில். ஃபோர்க், இருக்கிற ப்ராசஸை அப்படியே இரட்டிக்கிறது. எக்ஸெக், அந்த நகலுக்குள் வேறு நிரலை ஏற்றுகிறது. ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் காரணம், அதை 8ஆம் படியில் பயன்படுத்துவோம்.

முதல் சோதனை: ஃபோர்க்கை அடுத்தடுத்து மூன்று முறை அழைத்துவிட்டு ஒரு வரி அச்சிடுங்கள். எத்தனை வரி வரும்? 4 என்று எழுதுபவர்கள் நிறைய. வருவது 8. முதல் ஃபோர்க்கில் பிறந்த குழந்தையும் இரண்டாம் ஃபோர்க்கை ஓட்டும் என்பது விட்டுப்போகிறது.

இரண்டாவது சோதனையில்தான் பலருக்குத் தலை சுற்றும். வரி முடிவுக் குறியோடு ஒரு வாக்கியத்தை அச்சிட்டு, அதன் பிறகு ஒரே ஒரு ஃபோர்க். திரையில் ஓட்டினால் வாக்கியம் ஒரு முறை வரும். அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு கோப்பைத் திறந்தால், வாக்கியம் இரண்டு முறை இருக்கும்!

அச்சிடும் ஃபங்ஷன் நேராகக் கெர்னலிடம் போவதில்லை, முதலில் ஒரு பஃபரில் எழுதுகிறது. வெளியீடு டெர்மினல் என்றால் வரி முடிந்ததும் பஃபரைக் காலி செய்யும். கோப்பு என்றால் பஃபர் நிரம்பும்வரை காத்திருக்கும். ஃபோர்க் நடக்கும்போது நிரம்பாத பஃபரும் சேர்ந்து இரட்டிக்கப்படுகிறது. பிறகு இரண்டு ப்ராசஸும் முடியும்போது தன் தன் பஃபரைக் கொட்டுகின்றன. இதில் கெர்னலின் பிழை எதுவும் இல்லை. 2ஆம் படியில் பார்த்த எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்தில் நடந்த விஷயம் இது. இந்த ஒரு சோதனையைத் தானாக விளக்கிவிட்டால், முதல் மூன்று படிகளும் உள்ளே இறங்கிவிட்டன என்று நம்பலாம்.

ஸோம்பி ப்ராசஸையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். குழந்தை உடனே முடியட்டும், பெற்றோர், குழந்தையின் முடிவைக் கேட்டு வாங்கும் வெயிட்டை அழைக்காமல் ஒரு நிமிடம் தூங்கட்டும். வேறொரு டெர்மினலில் ப்ராசஸ் பட்டியல் தரும் பிஎஸ் கட்டளை ஓட்டினால் குழந்தையின் நிலை இஸட் என்று காட்டும். அதைக் கில் -9 கொண்டு கொல்லப் பார்ப்பார்கள், போகாது. அது ஏற்கெனவே செத்ததுதான். பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய முடிவுக் குறியீட்டைக் கெர்னல் பத்திரமாக வைத்திருக்கிறது, அவ்வளவே. பெற்றோர் வெயிட் அழைத்தாலோ, பெற்றோரே முடிந்துபோனாலோ பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

4. நினைவகம்: கொடுத்ததாகச் சொல்வதும் கொடுப்பதும்

ஷெட்யூலிங்குக்கு முன்பாக நினைவகத்தை வைத்திருக்கிறேன். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எதெல்லாம் மாறுகிறது என்று தெரிந்தால்தான் அந்த மாற்றத்தின் விலை புரியும்.

ஒவ்வொரு ப்ராசஸும் பார்க்கும் முகவரிகள் மெய்நிகர் முகவரிகள். சிபியுவில் உள்ள நினைவக மேலாண்மைப் பகுதி, கெர்னல் எழுதிவைத்த பேஜ் டேபிளைப் பார்த்து அவற்றை உண்மை முகவரியாக மாற்றுகிறது. மாற்றம் பேஜ் பேஜாக நடக்கும். பெரும்பாலான கணினிகளில் ஒரு பேஜ் 4096 பைட். முந்தைய படியின் ஃபோர்க் நிரலில் ஒரு மாறியின் முகவரியைப் பெற்றோரும் குழந்தையும் அச்சிடட்டும். குழந்தையில் மட்டும் அதன் மதிப்பை மாற்றுங்கள். முகவரி ஒன்றே, மதிப்பு மட்டும் இரண்டு! இதைப் பார்த்த பிறகு "மெய்நிகர்" என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இப்போது முக்கியமான சோதனை. நினைவகம் கேட்கும் சி ஃபங்ஷனான மாலாக் கொண்டு 1 ஜிபி கேளுங்கள். கேட்டுவிட்டு நிரலைத் தூங்க விடுங்கள். பிஎஸ் கட்டளையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: விஎஸ்இஸட் (மெய்நிகர் வெளியின் மொத்த அளவு), ஆர்எஸ்எஸ் (உண்மையில் நினைவகத்தில் இருக்கும் அளவு). முதலாவது 1 ஜிபிக்கு மேல் இருக்கும். இரண்டாவது ஓரிரு எம்பி அளவில் சும்மா நிற்கும். கெர்னல் "தருகிறேன்" என்று குறித்துக்கொண்டிருக்கிறது, கேட்டதில் கிட்டத்தட்ட எதையும் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்து, அந்த 1 ஜிபியில் ஒவ்வொரு 4096 பைட்டுக்கும் ஒரு பைட் எழுதிக்கொண்டே போங்கள். ஆர்எஸ்எஸ் ஏறும். ஒவ்வொரு பேஜையும் முதல் முறை தொடும்போது சிபியு பேஜ் டேபிளில் தேடுகிறது, இல்லை, பேஜ் ஃபால்ட் எழுகிறது, கெர்னல் ஒரு பேஜைத் தேடிக் கொடுத்துவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட வைக்கிறது. நம் நிரலுக்கு நடுவில் நடந்தது எதுவுமே தெரியாது.

எத்தனை ஃபால்ட் என்று முதலில் எழுதுங்கள். 1 ஜிபியை 4096ஆல் வகுத்தால் 2,62,144. நிரலை விரிவான விருப்பத்தோடு டைம் கட்டளையில் ஓட்டினால் இந்த எண் தெரியும். டைம் என்று வெறுமனே அடித்தால் ஷெல்லுக்குள்ளேயே (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரலுக்குள்ளேயே) இருக்கும் எளிய டைம்தான் ஓடும், விவரம் தராது. யூஎஸ்ஆர் பின் அடைவில் உள்ள டைமை முழுப் பாதையோடு அழைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில் அரை மணி நேரம் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சிலருக்கு 2,62,144க்குப் பதில் ஐந்நூற்றுச் சொச்சம் வரும். தப்பு செய்துவிட்டோமோ என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் லினக்ஸ் 2 எம்பி அளவுள்ள பெரிய பேஜ்களைத் தானாகவே கொடுத்திருக்கிறது. 1 ஜிபியில் 2 எம்பி 512 தடவை. மீதி சொச்சம் நிரல் தொடங்கும்போதே வந்தவை. இப்படி எண்ணை வைத்தே காரணத்தைப் பிடிக்கும் தருணம் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

ஃபோர்க்குக்கும் இதுவே அடிப்படை. இரட்டிப்பதாகச் சொன்னேன், ஆனால் கெர்னல் நினைவகத்தை உடனே நகலெடுப்பதில்லை. இருவரும் ஒரே பேஜ்களைப் படிக்க மட்டும் என்ற அனுமதியோடு பகிர்ந்துகொள்வார்கள். யாராவது எழுதப் போனால் ஃபால்ட் எழும், அந்தப் பேஜ் மட்டும் அப்போது நகலாகும்.

இனி, பயம் காட்டும் ஒரு கட்டளை: நினைவகக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ. அதில் ஃப்ரீ என்ற பத்தியில் மிகக் குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் ஏராளம். பார்க்க வேண்டியது அவெய்லபிள் பத்தி. சும்மா கிடக்கும் நினைவகத்தில் கெர்னல் அண்மையில் படித்த கோப்புகளைத் தேக்கி வைக்கிறது. யாராவது கேட்டால் அதை விட்டுக்கொடுக்கும்.

தேக்கத்தைச் சோதிக்க 500 எம்பி கோப்பு ஒன்றை உருவாக்கி இரண்டு முறை படித்து நேரம் பாருங்கள். ஒரு கண்ணி இருக்கிறது: உருவாக்கும்போதே கோப்பு தேக்கத்துக்குள் போய்விடும், அதனால் இரண்டு முறையும் வேகமாக வரும். நடுவில், தேங்கியதை வட்டில் எழுதவைக்கும் சிங்க் ஓட்டி, ரூட் அனுமதியோடு ட்ராப்-கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதித் தேக்கத்தைக் காலி செய்யுங்கள். அப்புறமும் வேறுபாடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் வர்ச்சுவல் மெஷினுக்கு வெளியே உள்ள கணினியும் தன் பங்குக்குத் தேக்கி வைத்திருக்கும்.

5. சிபியுவைப் பங்கிடுவது: ஷெட்யூலர்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை. முடிவே இல்லாத லூப்பில் ஓடும் நிரல் எந்தச் சிஸ்டம் காலும் செய்வதில்லை. அப்படியானால் கெர்னலுக்கு எப்போது வாய்ப்பு? வன்பொருள் டைமர் குறிப்பிட்ட இடைவெளியில் இன்டரப்ட் கொடுக்கிறது. சிபியு செய்துகொண்டிருந்ததை விட்டுக் கெர்னலுக்குள் குதிக்கிறது. அப்போது ஷெட்யூலர் "இவனே தொடரட்டுமா, அடுத்தவனா?" என்று முடிவு செய்கிறது. நிரல் தானாகத் தூங்கப் போனாலோ, வட்டுக்காகக் காத்திருந்தாலோ அதுவும் ஒரு வாய்ப்பு.

இரண்டு வகையையும் எண்ணிப் பார்க்கலாம். ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் தானாக விட்டுக்கொடுத்த மாற்றங்கள், பிடுங்கப்பட்ட மாற்றங்கள் என இரு எண்கள். தூங்கித் தூங்கி எழும் நிரலில் முதல் எண் ஏறும். லூப் நிரலோடு அதே கோரில் போட்டியாக இன்னொன்று இருந்தால் இரண்டாவது எண் ஏறும்.

டாஸ்க்செட் கட்டளை கொண்டு இரண்டு லூப் நிரல்களை ஒரே கோரில் கட்டுங்கள். ஒவ்வொரு ப்ராசஸும் எடுக்கும் சிபியுவைக் காட்டும் டாப் கட்டளையில் இரண்டும் 50 சதவீதம் சுற்றி நிற்கும். இப்போது ஒன்றுக்கு மட்டும் நைஸ் மதிப்பு (கூடினால் மற்றவருக்கு அதிகம் விட்டுக்கொடுக்கும் எண்) 10 கொடுத்து ஓட்டுங்கள். லினக்ஸில் நைஸ் 0க்கு எடை 1024, நைஸ் 10க்கு 110. ஆக 90க்கு 10 என்ற அளவில் பிரியும்.

பிரியவில்லையா? இரண்டையும் வேறு வேறு டெர்மினலில் ஓட்டியிருப்பீர்கள். லினக்ஸ் ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் ஒரு குழுவாக வைத்துக் குழுக்களுக்கு இடையே சமமாகப் பங்கிடுவது உண்டு. அப்போது நைஸ் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். ஒரே டெர்மினலில் பின்னணியில் ஓட்டினால் எதிர்பார்த்த எண் வரும்.

ஓடுவதற்கும் காத்திருப்பதற்கும் எத்தனை ப்ராசஸ் இருக்கின்றன என்பதன் சராசரியான லோட் ஆவரேஜ் பற்றி ஒரு வார்த்தை. அது உயர்ந்திருந்தால் சிபியு திணறுகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வட்டுக்காகக் காத்திருக்கும் டி நிலை ப்ராசஸ்களையும் லினக்ஸ் அதில் சேர்த்து எண்ணுகிறது. சிபியு சும்மா இருக்கும்போதே லோட் 10 இருக்கலாம்.

இதற்குப் பிறகு பாடப்புத்தகத்தின் ஷெட்யூலிங் கணக்குகளைப் போடுங்கள். கட்டங்களில் உள்ள ஒவ்வொரு கோடும் ஒரு டைமர் இன்டரப்ட், அல்லது ஒரு ப்ராசஸ் தானாக விட்டுக்கொடுத்த இடம் என்று தெரிந்துகொண்டு போடுவது வேறு மாதிரி இருக்கும்.

6. த்ரெட், ரேஸ், லாக்

த்ரெட் என்பது ஒரு ப்ராசஸுக்குள் தனியாக நடக்கும் ஓட்டம். ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்கள் ஓடும்போது நினைவக வெளி பொது, ஃபங்ஷன்களின் உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக் மட்டும் தனித்தனி. 4ஆம் படியில் குழந்தை மாற்றிய மதிப்பு பெற்றோருக்குத் தெரியவில்லை. இங்கே தெரியும். வசதியும் ஆபத்தும் அதுவே.

பொதுவான ஒரு எண்ணியை இரண்டு த்ரெட்கள் தலா 10 லட்சம் முறை ஒன்று கூட்டட்டும். 20 லட்சம் வர வேண்டும். பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும், ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாக வரும். "ஒன்று கூட்டு" என்பது சி மொழியில் ஒரு வரிதான். சிபியுவுக்கோ எடு, கூட்டு, வை என்று மூன்று வேலை. இரண்டு பேரும் 500ஐ எடுத்து, இருவரும் 501 என்று வைத்தால் ஒரு கூட்டல் காணாமல் போகிறது. இதற்குப் பெயர்தான் ரேஸ்.

இதைச் செய்து பார்க்கும்போது மூன்று வழிகளில் ஏமாறலாம். 10 லட்சத்துக்குப் பதில் ஆயிரம் முறை வைத்தால், இரண்டாவது த்ரெட் பிறப்பதற்குள் முதலாவது முடிந்துவிடும். சரியான விடை வந்து நிரல் நல்லது என்று தோன்றும். மேம்படுத்தல் விருப்பத்தோடு கம்பைல் செய்தால், கம்பைலர் முழு லூப்பையும் "10 லட்சம் கூட்டு" என்று ஒரே வேலையாகச் சுருக்கிவிடலாம். மறுபடி சரியான விடை. மூன்றாவது, மாறியை வோலடைல் என்று அறிவித்தால் போதும் என்ற நம்பிக்கை. அது கம்பைலர் சுருக்குவதைத்தான் தடுக்கும், எடு-கூட்டு-வை நடுவே இன்னொருவர் புகுவதைத் தடுக்காது.

ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் லாக் போடுங்கள், 20 லட்சம் வரும். நேரத்தையும் பாருங்கள், நன்றாகவே கூடியிருக்கும். பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஒரு எண்ணியில் கூட்டிக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு முறை லாக் எடுத்துச் சேர்க்கும்படி மாற்றுங்கள். லாக்கைச் சரியாகப் போடுவதைவிட, லாக் தேவைப்படும் இடத்தைக் குறைப்பதுதான் கையில் வர வேண்டிய வித்தை.

ஒருவர் வைத்திருக்கும் லாக்குக்காக மற்றவர் முடிவில்லாமல் காத்திருக்கும் டெட்லாக்கை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். இரண்டு லாக், முதல் த்ரெட் ஒன்று, இரண்டு என்ற வரிசையில் எடுக்கட்டும், மற்றது இரண்டு, ஒன்று என்று. நடுவில் சின்னத் தூக்கம் வைத்தால் உறுதியாக மாட்டிக்கொள்ளும். டாப்பில் சிபியு 0 சதவீதம். இதைக் கவனித்து வையுங்கள்: உறைந்த நிரல் 100 சதவீதம் காட்டினால் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது, 0 காட்டினால் எதற்காகவோ காத்திருக்கிறது. தீர்வு எளிது, எல்லா த்ரெட்களும் லாக்குகளை ஒரே வரிசையில் எடுக்க வேண்டும். வட்டமாக ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கும் நிலையே அப்போது உருவாகாது.

7. கோப்பு: பெயர் வேறு, பொருள் வேறு

கோப்பின் பெயர் கோப்புக்குள் இல்லை. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதி, தரவு இருக்கும் இடம் எல்லாம் ஐநோட் என்ற எண்ணிட்ட பதிவில் இருக்கின்றன. அடைவு என்பது பெயருக்கு எதிரே ஐநோட் எண்ணை எழுதிய பட்டியல். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர் வைக்கலாம், அதுதான் ஹார்ட் லிங்க். கோப்பை நீக்குவது என்றால் பட்டியலிலிருந்து ஒரு வரியை அடிப்பது. அதனால்தான் கோப்பில் எழுத அனுமதி இல்லாதவர்கூட, அடைவில் எழுத அனுமதி இருந்தால் பொதுவாக அதை நீக்கிவிட முடிகிறது.

கடைசிப் பெயர் போனாலும், ஏதாவது ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும்வரை தரவு போகாது. இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் வட்டு நிரம்பிவிட்டது. பெருத்துப்போன ஒரு நிகழ்வுப் பதிவுக் கோப்பை நீக்கினேன். டியூ கட்டளை கோப்புகள் எடுத்திருக்கும் இடம் குறைவுதான் என்றது, டிஎஃப் கட்டளை வட்டு இன்னும் நிரம்பியே இருக்கிறது என்றது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று நினைத்து ஒரு இரவு முழுக்க மற்ற கோப்புகளை நீக்கிக்கொண்டிருந்தேன். இரண்டும் உண்மையே சொல்லியிருக்கின்றன. டியூ பெயர்களைப் பின்தொடர்ந்து கூட்டுகிறது, டிஎஃப் கோப்பு முறைமையின் கணக்கைச் சொல்கிறது. பெயர் இல்லாத அந்தக் கோப்பை ஒரு ப்ராசஸ் இன்னும் பிடித்திருந்தது. எல்எஸ்ஓஎஃப் ஓட்டினால் நீக்கப்பட்டது என்ற குறிப்போடு அது தெரியும். அந்த ப்ராசஸை மறுதொடக்கம் செய்ததும் இடம் திரும்பியது.

இதன் மறுபக்கமும் உண்டு. டிஎஃப் நிறைய இடம் காட்டும், ஆனால் இடம் இல்லை என்று பிழை வரும். ஐநோடுகள் தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் இருந்தால் இது நடக்கும். டிஎஃப்பை ஐநோட் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

ரைட் வெற்றி என்று திரும்பினால் தரவு வட்டுக்குப் போய்விட்டது என்று எண்ணுவதும் பொதுவான தவறு. 4ஆம் படியில் பார்த்த தேக்கத்துக்குத்தான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் தரவும் போகும். உறுதியாக வேண்டுமென்றால், அந்தக் கோப்பின் தரவை வட்டில் எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைக்க வேண்டும்.

8. எல்லாவற்றையும் சேர்த்து: ஒரு குட்டி ஷெல்

ஏழு படிகளும் முடிந்த பிறகு, ஒரு சின்ன ஷெல்லை எழுதுங்கள். வரியைப் படி, ஃபோர்க் செய், குழந்தைக்குள் எக்ஸெக், பெற்றோர் வெயிட். நூறு வரிக்குள் அடங்கும். முன்னதாகவே இதில் இறங்காதீர்கள். பஃபரும் ஸோம்பியும் கோப்பு எண்ணும் (திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் கெர்னல் தரும் எண்) தெரியாமல் எழுதினால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்றே புரியாது.

முதல் தடங்கல் சிடி கட்டளையில் வரும். மற்றக் கட்டளைகள் போலவே குழந்தைக்குள் அடைவை மாற்றுவீர்கள், பிழை எதுவும் வராது, ஆனால் ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும். குழந்தை தன் அடைவை மாற்றிக்கொண்டு செத்துப்போனது. பெற்றோரின் அடைவு வேறு. சிடியை ஷெல் தானே, ஃபோர்க் இல்லாமல் செய்ய வேண்டும்.

அடுத்து வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவதைச் சேருங்கள். ஃபோர்க்குக்குப் பின், எக்ஸெக்குக்கு முன், குழந்தைக்குள், வழக்கமான வெளியீட்டுக்கான 1 என்ற கோப்பு எண்ணை வேண்டிய கோப்புக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸெக் திறந்த கோப்புகளைக் கலைப்பதில்லை, அதனால் புதிய நிரல் எதுவும் அறியாமல் 1இல் எழுதிக்கொண்டே போகும். 3ஆம் படியில் சொன்ன இடைவெளி இதற்குத்தான்.

கடைசியாக, ஒரு ப்ராசஸின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாகக் கொண்டுபோகும் பைப். இரண்டு குழந்தைகள், ஒருவர் எழுத, ஒருவர் படிக்க. எழுதுபவர் முடித்துவிடுவார், படிப்பவர் மட்டும் முடியாமல் நின்றுகொண்டே இருப்பார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கும். பைப்பின் எழுதும் முனையை யாராவது ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை, படிப்பவருக்கு முடிவு வந்ததாகக் கெர்னல் சொல்லாது. ஃபோர்க் செய்யும்போது அந்த முனை பெற்றோரிடமும் படிக்கும் குழந்தையிடமும் நகலாக இருந்துவிட்டது. ப்ராக் அடைவில் பெற்றோர், படிக்கும் குழந்தை இருவரின் எஃப்டி அடைவையும் (திறந்த கோப்பு எண்களின் பட்டியல்) திறந்து, பைப்பின் எண் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருக்கக் கூடாத இரண்டு இடங்களிலும் எழுதும் முனையை மூடியதும், நின்றுகொண்டிருந்த நிரல் முடிந்து ஷெல் அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கும்.